ஊர் சென்று திரும்பியபின் காய்ச்சலா?

தமிழகத்திலுள்ள உறவினரைக் காண மலேசியாவிலிருந்து நம்மில் பலர் செல்கிறோம். சொந்த ஊர்தானே என்று கவனக்குறைவாக இருத்தலாகாது. அங்கே நகரங்களிலும் கிணறுகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் மலேரியாக் கொசு வளரக்கூடும். அது பெரும்பாலும் இரவில் கடிப்பதால் கொசுவலைக்குள் உறங்குவோமாக.

கொசு கடித்த அன்றே நோய் தெரிவதில்லை. குறைந்தது 7 நாள் கழிந்தே பெரும்பாலும் காய்ச்சல் தோன்றும். ஒருவகை மலேரியா கல்லீரலில் மறைந்திருந்து, பல மாதங்களுக்குப் பின்னரும் தலைகாட்டும். அதற்குள் நாம் தோட்டத்துக்குத் திரும்பி, வேலையில் ஈடுபட்டிருப்போம். மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்றெண்ணி, கடை மாத்திரையால் காலங்கடத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே உடனே மருத்துவமனைக்குச் செல்வோம். “இந்தியா சென்று வந்தேன்” என்பதையே மருத்துவரிடம் முதலில் கூறுவோம். இரத்தச் சோதனையில் நோய் புலப்படும். காலத்தே மருந்துண்டால் குணமாகும்.