சாம்பல் கல்லாகும் கணக்கு

சிமெண்டு இல்லையேல் இக்காலத்தில் அணையுமில்லை, பாலமுமில்லை. ஆனால் அதற்கு உலகம் கொடுக்கும் விலை சொற்பமன்று. சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டு 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பங்கென்றால், கல்லினுள் அடங்கிக் கிடந்து வெளிப்படும் கரியமில வாயு அதைவிடப் பெரும்பங்கு. மனிதர் செய்கையால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவதே.

இதற்கு மாற்றாகக் கூறப்படுவது ஜியோபாலிமர். 1970-களின் பிற்பகுதியில் இப்பெயரை இட்டவர் பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி ஜோஸப் டேவிடோவிட்ஸ். சுட்ட களிமண்ணையோ நிலக்கரிச் சாம்பலையோ காரநீரில் கலந்தால், அதிலுள்ள ஸிலிக்கனும் அலுமினியமும் கரைந்து, பிராணவாயுவின் மூலம் ஒன்றோடொன்று பிணைந்து, கூழாகிப் பின்னர் கல்லாக இறுகுகின்றன. இது ஏட்டுச் சுரைக்காயன்று. ஆஸ்திரேலியாவில் டூவூம்பா நகருக்கருகே 2014-ல் திறக்கப்பட்ட வெல்காம்ப் விமான நிலையத்தில் இத்தகைய கான்கிரீட் சுமார் 40,000 கன மீட்டர் போடப்பட்டது.

ஆயினும், இறுகும் சமயத்தில் உள்ளே நிகழ்வதென்ன? கூழில் அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நில்லாமையால் எக்ஸ்ரேயும் தெளிவாக விடை கூறுவதில்லை. கம்ப்யூட்டரின் துணை வேண்டியிருப்பது இங்கேதான். ஒவ்வோர் அணுவின் அசைவையும் தொடர்வதானால், விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்து, பங்குதோறும் கணக்கிடவேண்டும். கூழ் இறுகவோ பல மணி நேரம் ஆகும். எந்த யந்திரம் இதற்கு ஈடுகொடுக்கும்?

2012-ல் கிளேர் ஒயிட் அம்மையாரும் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு உபாயத்தைக் கையாண்டது. இரண்டு மூலக்கூறுகள் சேரும்பொழுது சக்தி லாபமா நஷ்டமா என்பதை முதலில் குவாண்டம் விதிப்படி கணித்தார்கள். பிறகு மூலக்கூறுகளைச் சொக்கட்டான் காய்களாகப் பாவித்துக் கட்டங்களில் நகர்த்தினார்கள். தாயம் விழுகிறபடி காய் நகரும். லாபமான சேர்க்கை நிலைக்கும், நஷ்டமானது பெரும்பாலும் கலையும். சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரையே இம்முறைக்கு வைத்திருப்பது பொருத்தந்தான். இவ்வாறு ஆடியதில், களிமண் கரைவதும், சிறு திரள்கள் தோன்றுவதும், அவை பின்னர் கலைந்து கூடி உருமாறுவதும் படிப்படியாகப் புலனாயின. அலுமினியம் தன்னினத்தோடு சேருவதைவிட ஸிலிக்கனோடு சேருவதையே நாடுகிறது.

நமது தேசத்து அனல் மின்சார நிலையங்கள் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சாம்பலைக் கொட்டுகின்றன. சாம்பலுக்குச் சாம்பல் குணம் வேறு. ஆஸ்திரேலியப் பக்குவம் நமக்கு அப்படியே ஒத்துவருமென்று நம்புவதற்கில்லை. அந்த 2012-ம் வருஷத்து ஆராய்ச்சியையும் அவ்வாறே எடுத்தாளலாகாது. அது எடுத்துக்கொண்டது சுட்ட களிமண். சாம்பலிலோ சுண்ணமும் இரும்பும் கலந்திருக்கின்றன. அவற்றின் சேர்க்கைக்குரிய லாப நஷ்டத்தையும் தனியே கணித்து, புதிய காய்களாகக் கட்டத்தில் வைத்து ஆடவேண்டும்.