இளமருத்துவர் பணி

கோயம்புத்தூர் நூற்பாலைகளால் வளர்ந்த நகரம். ஆலைச் சங்கின் ஒலியே பல தலைமுறையாக அந்நகர மக்களின் பொழுதை அளந்து வந்தது. சங்கு ஒலித்ததும் ஒரு சாரார் பணி முடித்து இல்லம் திரும்பினர். மற்றொரு சாரார் பணியேற்றனர். வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்றும், அதற்கு மேற்பட்ட உழைப்பிற்கு இரு மடங்கு ஊதியம் தருதல் வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்தது. பணி முடிவை அறிவிக்கும் சங்கு இல்லாத இடமும் அந்நகரில் உண்டு, அதுவே மருத்துவமனை.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966இல் தோன்றியது. அங்கும் பிற கல்லூரிகளிலும் மருத்துவம் பயில்வோர் நான்கரை ஆண்டுகள் பாடங் கற்றபின், ஓராண்டுக் காலம் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிவர். பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம் எனத் துறைதோறும் மாறி மாறிப் பழகுவர். தனித்துறையில் தேர்ச்சி பெற விழைவோர் மேலும் மூன்றாண்டு பயில்வர். பயின்றுகொண்டே நோயாளரையும் காப்பர். தோட்டத்தில் பாம்பு கடித்த உழவரோ, சாலையில் அடிபட்ட வழிப்போக்கரோ நள்ளிரவில் வந்தால், முதலில் நாடி பார்ப்போரும், புண்ணைத் தைப்போரும், மூத்த மருத்துவருக்கு நிலைமையை உணர்த்துவோரும் பெரும்பாலும் இவ்விளைஞரே ஆவர்.

இவ்விரவுக் காவல் வீணன்று. நாழிகைதோறும் மாறும் நோயின் போக்கை நூலால் மட்டும் அறிதல் இயலாது. நோயாளியின் அருகிருந்தே அறிதல் வேண்டும். ஆயினும், துயில் இழந்த கண் பிழைபடக் காணும். மருந்தின் அளவு சிறிது மாறினும் உயிருக்கே கேடு விளையலாம். 1984இல் அமெரிக்காவின் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி இறந்தாள். அதனால் இளமருத்துவரின் நெடிய பணி நேரம் குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. வாரத்திற்கு 80 மணி நேரம் என்னும் எல்லை அம்மாநிலத்தில் 1989இல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்திற்கு மேற்பட்ட பணி பொதுவாகக் கூடாது என்றும், வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றும் இந்திய அரசு 1992இல் நெறி வகுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழுவோ, வாரத்திற்கு 74 மணி நேரத்தைப் பணி மிஞ்சலாகாது என 2024இல் பரிந்துரைத்தது. முப்பதாண்டு கழிந்த பின்னும் இவ்வாறு கூற நேர்ந்தமையால், முன்னை நெறி முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பது விளங்கும்.

இளமருத்துவர் பெறும் பணம் ஊதியம் எனப்படுவதில்லை, உதவித்தொகை எனப்படுகிறது. அதன் அளவும் மாநிலந்தோறும் வேறுபடும். பயில்வோர் என்பதால் அப்பெயர் வழங்குகிறது. ஆயினும், அவர்கள் ஆற்றும் தொண்டு உழைப்பே அன்றோ? களத்தில் கதிர் அடித்தவர்க்கு அளக்கும் கூலியைக் கொங்கு நாட்டு உழவர் ஈகை என்று கூறார்.

தக்க ஊதியமும் ஓய்வும் தருதல் அரசின் கடன். பொறுமை காத்தல் மக்களின் கடன். மருத்துவமனையில் காக்க நேர்ந்தவர் இளமருத்துவரைச் சினந்து பேசுமுன், அவர் எப்பொழுது உறங்கினார் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.