எந்தச் சேதியை எப்படிச் சொல்வது?

தந்திக்காரர் வாசலில் வந்து நின்றால் ஒரு காலத்தில் வீடே நடுங்கும். "யாருக்கு என்ன ஆச்சோ?" என்று பெண்கள் பதறுவார்கள். அந்தத் தந்தி 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்று போனது.

கோவையில் பஞ்சாலைச் சங்கு ஊதினால் வேலைக்கு நேரமாயிற்று என்று அர்த்தம். கிராமத்தில் தண்டோரா போட்டுச் சேதி சொன்னார்கள். 2022-ல் தமிழக அரசு, "தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி போதும்" என்று சொல்லிவிட்டது.

இன்று எல்லோர் கையிலும் செல்போன். ஆனால் எல்லாச் சேதிக்கும் அது ஒத்து வருமா?

கல்யாணச் சேதி

கொங்கு நாட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் அழைப்பதே முறை. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால், "எங்களை மதிக்கவில்லை" என்று பங்காளிகள் முகம் திருப்பிக் கொள்வார்கள்.

ஆபத்துச் சேதி

எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் எப்போது பார்ப்பாரோ? கூப்பிட்டுப் பேசுங்கள். ஆம்புலன்சுக்கு 108. போலீஸ், தீயணைப்பு உதவிக்கு 112.

பணம், நிலம்

வாய்ப் பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக் கொள்ளுங்கள். அலுவலகத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் அந்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நாளை வழக்கு வந்தால் அதுதான் சாட்சி!

சொல்லக் கூடாத சேதி

செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். "பேங்கிலிருந்து பேசுகிறேன்" என்றாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.