ரெண்டு மாயாவி, ஒரே குழப்பம்: சின்ன வயசுல படிச்ச கதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

"கரன்ட் ஷாக் அடிச்சா ஆளே மறைஞ்சிடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். அந்த புக்கு பேரு என்ன?"

வெம்பக்கோட்டையில் 80-களில் வளர்ந்த ஒருவர் இப்படிக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் "மாயாவிதானே!" என்பார். ஆனால், அந்தப் பேரை மட்டும் வைத்துத் தேடினால் வேறு ஆள் வந்து நிற்பார்.

எந்த மாயாவி?

ஷாக் அடித்தால் மறைபவர் இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய ‘தி ஸ்டீல் க்ளா’ தொடரின் நாயகன். அங்கே அவர் பெயர் லூயிஸ் கிராண்டெல். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர் கதைதான்.

முகமூடியும் மண்டை ஓட்டு மோதிரமுமாகக் காட்டில் வாழ்பவர் வேறு. லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ‘ஃபேன்டம்’ அவர். 1984-ல் தொடங்கிய ராணி காமிக்ஸில் அவருக்கும் ‘மாயாவி’ என்றே பெயர். இந்திரஜாலில் படித்தவர்களுக்கோ அவர் வேதாளர்!

எப்படித் தேடலாம்?

* பெயரை விடுங்க, காட்சியைப் பிடிங்க. மோதிரமா, இரும்புக் கையா? ஒரு அடையாளம் போதும்.
* எந்த வகுப்பில் படிச்சீங்க? அதை வைத்தே ஏறக்குறைய வருடம் கிடைக்கும்.
* படமா, எழுத்தா? பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம் என்றால் காமிக்ஸ். பத்திகளுக்கு நடுவே ஓவியம், மாதாமாதம் ‘தொடரும்’ என்றால் அம்புலிமாமாவாக இருக்கலாம்.

அம்புலிமாமாவில் ஏன் சிக்கல்?

1947-ல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. அதில் வந்த பல மாயாஜாலத் தொடர்களைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமண்யம். ஆனால், கதையோடு அவர் பெயர் அச்சாகவில்லை. எழுத்தாளர் பெயரை வைத்துத் தேட வழியே இல்லை. ஓவியம்தான் துப்பு. ஒரே படங்கள் பிற மொழிப் பதிப்புகளிலும் வந்ததால், தெலுங்கு இதழைப் புரட்டினாலும் கண்டுபிடிச்சிடலாம்.

பழைய இதழை விலை கொடுத்து வாங்கும் முன், உள்பக்கப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அதற்கு முன், மறுபதிப்பு இருக்கிறதா என்றும் பாருங்க. முத்து காமிக்ஸ் இன்றும் சிவகாசியிலிருந்து வருகிறது. மாயாவி கதைகளை மறுபதிப்பும் செய்திருக்கிறது.

தேடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வட்டாரத்தில் எடைக்குப் போட்ட பழைய பேப்பர் பட்டாசுக் குழாய் சுற்றவும் போகும். பரணில் மிச்சமிருக்கும் அட்டையில்லாத புத்தகத்தை, எடைக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்க.