கேட்கத் தயங்கும் பிள்ளைகள்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. கோவையிலோ திருச்சியிலோ இறுதியாண்டு பொறியியல் படிக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால், செமஸ்டருக்கு ஒரு முறை சுமார் 300 யூரோ கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் இது கூடும், குறையும். அதில் பெரும்பகுதி பஸ், ரயில் பாஸுக்குப் போய்விடுகிறது. மீதி எங்கே போகிறது என்று பலர் கேட்பதே இல்லை. மாணவர் நல அமைப்புக்கும் மாணவர் பேரவைக்கும் போகிறது. மலிவு விலைச் சாப்பாடு, விடுதி, சட்ட ஆலோசனை, பல ஊர்களில் மனநல ஆலோசனை ஆகியவை இந்தப் பணத்தையும் கொண்டுதான் நடக்கின்றன. அதாவது, உதவிக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் நம் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைகிறார்கள். அந்த உதவியைப் போய்க் கேட்பதற்குத்தான் தயங்குகிறார்கள்.

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,483 பேர். அதற்கு முந்தைய ஆண்டே சீனர்களை முந்தி, அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டோம். இவர்களைக் கிளப்பிவிட இங்கே ஒரு பெரிய ஏற்பாடே இயங்குகிறது. சான்றிதழ் சரிபார்ப்பு, மொழித் தேர்வு, விசா நேர்காணல், மாதச் செலவுக்கென முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுன்ட்டில் போட வேண்டிய 11,904 யூரோ (நம் பணத்தில் 11 லட்சத்துக்கு மேல்) என ஒவ்வொன்றுக்கும் கன்சல்டன்சிகள் வழிகாட்டுகின்றன. அந்த வழிகாட்டல் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. உண்மையான சிக்கல் தொடங்குவதோ அங்கே போய் இறங்கிய பிறகு.

ஆஹன் நகரை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லைகளை ஒட்டிய ஊர். இங்குள்ள ஆர்.டபிள்யூ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டு மாணவர். 'சூப்பர் சி' என்று அழைக்கப்படும் கட்டடத்தில் சர்வதேச மாணவர் அலுவலகம் இருக்கிறது. புதிதாக வருபவருக்குத் துணையாக ஏற்கெனவே படிக்கும் ஒருவரைச் சேர்த்துவிடும் 'படி' (buddy) திட்டம் உண்டு. நகர நிர்வாகத்தின் அயல்நாட்டவர் அலுவலகமே இந்த மாணவர்களுக்காக அதே கட்டடத்தில் ஒரு கிளை நடத்திவந்திருக்கிறது. இதைவிட அருகில் உதவியைக் கொண்டுவர முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கிளைக்குள் போக டெர்மின், அதாவது முன்பதிவு செய்த நேரம் வேண்டும். அதை இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும். காலியிடம் வந்ததும் தகவல் சொல்வதற்கென்றே மாணவர்கள் சொந்தமாகப் புரோகிராம் எழுதி ஓடவிட்டிருக்கிறார்கள். தங்கும் அனுமதி காலாவதியாகிற நாளை எண்ணிக்கொண்டு படிக்கிற பிள்ளையின் நிலையை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

முதல் மாதத்தில் மிக முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கப் படிவம். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு இந்தக் கையெழுத்து வேண்டும். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வருவது தாமதமாகும். பகுதி நேர வேலையில் சேருவது சிக்கலாகும். தங்கும் அனுமதியும் இழுபறியாகும். விடுதியில் இடம் கிடைக்கக் காத்திருப்புப் பட்டியல் நீளம். ஆகவே, கிடைத்த அறையில் ஒண்டிக்கொள்ளும் பிள்ளைகளிடம், 'தங்கிக்கொள், ஆனால் பதிவுசெய்யக் கூடாது' என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். இது முறையா, என்ன செய்யலாம் என்று கேட்பதற்குத்தான் மாணவர் பேரவையின் சட்ட ஆலோசனை இருக்கிறது. நம் பிள்ளைகளோ வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். சீனியர்கள் நல்ல மனதோடுதான் பதில் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் வந்த வருடத்தின் விதி.

ஜெர்மனியின் மாணவர் நல அமைப்புகள் யாரோ இரக்கப்பட்டு ஆரம்பித்தவை அல்ல. முதல் உலகப் போர் முடிந்து, நாடு பசியிலும் பணவீக்கத்திலும் தவித்த காலத்தில் மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே உணவுக்கூடங்கள் நடத்தத் தொடங்கினார்கள். 1921-ல் டூபிங்கனில் அது தேசிய அளவிலான அமைப்பாக உருவெடுத்தது. இன்று நாடு முழுக்க 57 மாணவர் நல அமைப்புகள் இருக்கின்றன. மென்ஸாவில் (மாணவர் உணவகத்தில்) தட்டை ஏந்தி நிற்கும் ஜெர்மானிய மாணவர் அதைத் தன் உரிமையாகவே நினைக்கிறார். நம் மாணவரும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது தேர்வு விஷயம். நம் கல்லூரிகளில் அரியர் என்பது அன்றாடச் சொல். இந்த செமஸ்டரில் போனால் அடுத்ததில் எழுதிக்கொள்ளலாம் என்று பழகிய பிள்ளைகள் இவர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று முயற்சிகள்தான். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும். பல சமயம் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. படிப்பு போனால் மாணவர் விசாவும் ஆட்டம் காணும். தேர்வுக்குப் பெயர் பதிவதும் தயாராகவில்லையென்றால் கெடுவுக்குள் விலகிக்கொள்வதும் மாணவரின் பொறுப்பு. தேர்வன்று காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வராததே தோல்வியாகப் பதிவாகும்.

ஒவ்வொரு துறையிலும் பாட ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். எந்தத் தேர்வைத் தள்ளிப்போடலாம், எதை முதலில் முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசுவது அவருடைய வேலை. முதல் முயற்சியில் தோற்றதுமே அவரிடம் போனால் வழி இருக்கும். நம்மவர்கள் மூன்றாவது முயற்சிக்குப் பிறகு போகிறார்கள். ஏன்? பெயிலானதை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம். கடன் வாங்கி அனுப்பிய அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "சாப்டியாப்பா?" "சாப்டேம்மா." "படிப்பு எப்படிப் போகுது?" "நல்லா போகுதும்மா." பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அறையில் தனியாக இருக்கும் அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ வேறு யாரிடமும் வாய் திறக்கத் தெரியவில்லை.

மனநல ஆலோசனைக்குப் போகாததற்கும் இந்தத் தயக்கமே காரணம். விசா அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ, துறைக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழகங்களிலும் மாணவர் நல அமைப்புகளிலும் உள்ள ஆலோசகர்கள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். பல இடங்களில் ஆங்கிலத்திலேயே பேசலாம். மாணவருக்கு இது இலவசம். நவம்பரில் நான்கரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் யாருக்கும் இது தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணமுடைக்கும் வழி உண்டு. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் நிதியில், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் 'ஸ்டிபெட்' திட்டத்தின் மூலம், படிப்பை முடிக்கும் தறுவாயில் திண்டாடுகிற வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தர முடியும். புராட்டஸ்டன்ட் மாணவர் சபைகளிடம், நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வந்து நெருக்கடியில் சிக்கியவர்களுக்கென்றே அவசர நிதி இருக்கிறது. இந்து, முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. காப்பீட்டைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். மலிவாக இருக்கிறதென்று முதலிலேயே அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. கையெழுத்துப் போடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இத்தனையும் சொன்னபின் பல்கலைக்கழகங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வயதுவந்தவர், தேவையென்றால் அவரே வருவார் என்பது அவர்களுடைய நியாயம். மரியாதையான நியாயம்தான். ஆனால் கூப்பிடாமல் ஒரு கதவைத் தட்டிப் பழகாத பிள்ளைகளைத்தான் ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் செமஸ்டர் முடிந்ததும் எந்தத் தேர்வுக்கும் பெயர் பதியாதவர் யார், இரண்டாவது முறை தோற்றவர் யார் என்பது தேர்வு அலுவலகத்தின் கணினியிலேயே இருக்கிறது. அவர்களுக்குத் துறை ஆலோசகர் தாமாகவே, பெயர் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். 'வியாழக்கிழமை 10 மணிக்கு வாருங்கள், உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறேன்' என்று எழுதினாலே போதும், பலர் வந்துவிடுவார்கள்.