தென்னை வண்டுக்குத் தேங்காய்த் தண்ணீரில் எமன்!

திருவனந்தபுரம்:

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரும் ரயிலில், பரவூர் தாண்டியதும் வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். காயலும் கடலும் மாறி மாறிக் கண்ணில் படும். நடுநடுவே தென்னந்தோப்புகள் ஓடி மறையும். அந்தத் தென்னைகளைச் சற்றே உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பல மரங்களில் ஓலைகள் முழுசாக இல்லை. யாரோ கத்தரிக்கோல் எடுத்து விசிறி போல நறுக்கி விட்டாற்போல் இருக்கும்.

இது காண்டாமிருக வண்டு செய்த வேலை. மலையாள நண்பர்கள் இதைக் 'கொம்பன் செல்லி' என்பார்கள். தலையில் ஒற்றைக் கொம்பு இருப்பதால் வந்த பெயர்.

குருத்து விரியாமல் சுருண்டிருக்கும்போதே வண்டு அதைக் குறுக்கே துளைத்துக் கொண்டு போகிறது. பிறகு ஓலை விரியும்போது அந்த ஒரே துளை பல வெட்டுகளாகத் தெரிகிறது. விரியாத பாளையையும் இது விடுவதில்லை. பாளை போனால் அந்தக் குலையே போயிற்று. அதோடும் முடிவதில்லை. வண்டு போட்ட காயத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். 'செம்பன் செல்லி' என்பது இதன் பெயர். கொம்பன் கதவைத் திறந்து விடுகிறது. செம்பன் உள்ளே புகுந்து மரத்தையே சாய்த்து விடுகிறது. பத்து சென்ட் நிலத்தில் ஏழெட்டுத் தென்னை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டம் அல்ல.

பிறந்த வீடு எருக்குழி

வண்டு மரத்தில் இருக்கிறது. ஆனால் அது பிறந்ததும் வளர்ந்ததும் மரத்தில் இல்லை. மாட்டுத் தொழுவத்தின் பின்னால் இருக்கும் சாணக் குழி, மக்கும் குப்பை மேடு, வெட்டிப் போட்டு உளுத்துப்போன தென்னந்தடி, இவையே அதன் பிறந்த வீடு. தாய் வண்டு அங்கே முட்டையிடும். கொழுகொழுவென்று வெள்ளைப் புழு வெளிவந்து, மாதக்கணக்கில் எருவைத் தின்று கொழுத்து, கூட்டுப் புழுவாகி, கடைசியில் கொம்பு முளைத்து இரவில் பறந்து தென்னைக்குப் போகும்.

மரத்தில் ஏறி, குருத்துத் துளையில் செல்லிக்கோலை விட்டு வண்டைக் குத்தி எடுப்பது முன்னோர் முறை. இன்று தேங்காய் பறிக்கவே ஆள் கிடைப்பது அரிது. வண்டு குத்த யார் ஏறுவார்கள்? பூச்சி மருந்து அடிக்கலாம் என்றால், அறுபது அடி உயரத்தில் ஒளிந்திருக்கும் வண்டுக்காகக் கிணற்றடியில் விஷம் சொட்ட வேண்டும்.

ஆகவேதான் விஞ்ஞானிகள் வண்டின் பிறந்த வீட்டைத் தேடிப் போனார்கள். அங்கே அவர்களுக்குத் துணையாக நின்றது ஒரு பூசணம்.

பூச்சிக்கு வரும் நோய்

ஊறுகாயிலும் பழைய ரொட்டியிலும் பூசணம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உயிருள்ள பூச்சியின் மேல் பிடிக்கும் பூசணங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று மெட்டாரைசியம். இதன் வித்து, கண்ணுக்குத் தெரியாத தூள். புழுவின் தோலில் அது ஒட்டிக்கொண்டால் போதும். புழு அதைத் தின்ன வேண்டியதில்லை. ஈரம் கிடைத்ததும் வித்து முளைக்கிறது. தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, ஆணி இறங்குவது போல் உடலுக்குள் இறங்குகிறது. உள்ளே பெருகி, புழுவின் ரத்தத்தையும் சதையையும் உணவாக்கிக் கொள்கிறது. புழு தீனி எடுப்பதை நிறுத்தி, விறைத்துச் சாகிறது. செத்த புழுவின் மேல் முதலில் வெள்ளைப் பஞ்சு படரும். பிறகு அது பாசிப் பச்சையாக மாறும். அந்தப் பச்சைத் தூள் முழுவதும் புதிய வித்து. அடுத்த புழு அந்தப் பக்கம் ஊர்ந்து வந்தால் அதற்கும் அதே கதிதான்.

பூச்சிகளுக்குப் பூசணத்தால் நோய் வரும் என்பதை முதலில் நிரூபித்தவர் இத்தாலியரான அகஸ்தினோ பாஸ்ஸி. பட்டுப் புழுக்கள் வெள்ளை பூத்துச் சாவதன் காரணத்தை அவர் 1835-ல் வெளியிட்டார். அந்தப் பூசணத்துக்கு அவர் பெயராலேயே பிவேரியா பாஸியானா என்று பெயர் வழங்குகிறது. 1879-ல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், ஒடெஸ்ஸா பகுதியில் கோதுமையை அழித்த வண்டின் புழுக்களில் மெட்டாரைசியத்தைக் கண்டார். பூச்சியை ஒழிக்க அதையே வளர்த்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைச் சொன்னவரும் அவர்தான். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்.

தென்னை வண்டுக்கும் இதில் பழைய சரித்திரம் உண்டு. 1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு இந்த வண்டு பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்குக் கப்பலேறியது. தீவின் தென்னைகள் அழியத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கு எருக் குவியல்களில் மெட்டாரைசியத்தைக் கலந்து வண்டுக்குப் பொறி வைத்துப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டது. காண்டாமிருக வண்டைத் தாக்கும் இந்தப் பச்சைப் பூசண நோய் பற்றி 1955-லேயே நிருலா, ராதா, மேனன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வீணாகும் தண்ணீரில் மருந்து

இதில் ரசமான விஷயம், பூசணத்தை வளர்க்கும் முறை. கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் வீணாக ஓடுகிறது அல்லவா? அந்தத் தேங்காய்த் தண்ணீரிலேயே மெட்டாரைசியம் செழித்து வளர்கிறது. மரச்சீனிக் கிழங்குச் சீவலோடு அரிசித் தவிடு சேர்த்து வேகவைத்தும் வளர்க்கலாம். தென்னையின் எதிரியைக் கொல்லத் தென்னையே தண்ணீர் தருகிறது!

இப்படி வளர்த்த வித்தைத் தண்ணீரில் கரைத்து எருக்குழியில் ஊற்றிக் கிளறி விடுவதுதான் வேலை. ஒரு கன மீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்துகள் என்பது பரிந்துரை. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். வித்து அவ்வளவு பொடி. நன்றாக வளர்ந்த சில பைகளே இந்தக் கணக்கை எட்டிவிடும்.

இடவாவில் நடந்தது

இவ்வளவு நல்ல மருந்து கையில் இருந்தும் பல ஊர்களில் வண்டு குறையவில்லை. ஏன்? ஒருவர் தம் எருக்குழியில் பூசணத்தை ஊற்றுகிறார். அடுத்த வீட்டுக்காரர் ஊற்றவில்லை. அந்த வீட்டுக் குழியில் பிறந்த வண்டு வேலியைத் தாண்டிப் பறந்து வந்து இவர் தென்னையைத் துளைக்கிறது. "மருந்து பொய்" என்று இவர் கைவிட்டு விடுகிறார்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க, காயங்குளம் நிலையத்தார் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வட எல்லையில், வர்க்கலையை அடுத்த இடவா ஊராட்சியில் இறங்கினார்கள். தனித்தனி விவசாயியைப் பிடிக்காமல், ஊரையே ஒரு தோப்பாக எண்ணி வேலை செய்தார்கள். தென்னை வைத்திருப்பவரிடம் மட்டும் பேசினால் போதாது, மாடு வைத்திருப்பவரிடமும் பேச வேண்டும் என்பது அங்கே வெளிப்பட்டது. குழி இருப்பது அவர் வீட்டில். அவருக்கு ஒரு தென்னைகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் மனம் வைக்காமல் ஊர்த் தென்னைக்கு விமோசனம் இல்லை. பூசணத்தைப் பெருக்கும் பயிற்சி பெண்கள் குழுக்களுக்குத் தரப்பட்டது. இட்லி அவிக்கத் தெரிந்தவர்களுக்கு வேகவைத்து, ஆறவைத்து, சுத்தம் கெடாமல் வித்துச் சேர்ப்பது புரியாத வித்தையா?

வெள்ளாயணி மண்ணின் கொடை

தலைநகரின் தெற்கே, நன்னீர் ஏரிக்குப் பெயர் பெற்ற வெள்ளாயணியில் 1955-ல் தொடங்கிய விவசாயக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் காய்கறியும் நேந்திரன் வாழையும் பயிராகும் பூமி. இங்கே பயற்றங்கொடியில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினிக்கு ஒரு பூசணம் எமனாக இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு 1987-ல் வெளியிட்டார்கள். ஃபுசேரியம் இனத்தைச் சேர்ந்தது அது. தவிட்டில் வளர்த்த பூசணம் 400 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து சென்ட்டுக்கு, மூன்று கிலோ. அசுவினி தலைகாட்டிய உடனே ஒரு முறை போட்டால் போதும் என்பது கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

பிறகு வெள்ளாயணி மண்ணிலிருந்தே லெக்கானிசிலியம் சக்சேனே என்ற இன்னொரு பூசணம் பிரித்தெடுக்கப்பட்டது. நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர்நாவாய்ப் பூச்சி, மலையாளத்தில் 'சாழி', இதற்கும் பயற்றங்காயில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் எதிராக அதைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு, பட்டுப் புழுவைக் கொன்ற அதே பிவேரியா பயன்படுகிறது.

சாலை பஜாரும் சந்தேகமும்

இதில் தமிழர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை சாலை பஜாரில் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் அடுப்புகளில் வேகும் காய்கறியில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து லாரி ஏறி வருகிறது. அதை வாங்கி விற்பவர்களிலும் தமிழர்கள் பலர். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷ மருந்தின் மிச்சம் அதிகம் என்று கேரளத்தில் குரல் எழுந்தது. தமிழ்நாட்டு அதிகாரிகள் மறுத்தார்கள். நடுவில் நசுங்கியவர் தராசு பிடித்த வியாபாரி. சந்தைக் காய்கறியைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் அதே வெள்ளாயணிக் கல்லூரியில்தான் இருக்கிறது.

யார் சொன்னது சரி என்ற வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். விதைப்பவர் எல்லைக்கு அப்பால், சாப்பிடுபவர் எல்லைக்கு இப்பால். பூசண மருந்து காயில் ரசாயன மிச்சம் வைப்பதில்லை. அது அங்கே பரவினால் லாபம் இங்கே உள்ள குழந்தைக்கும் உண்டு.

பூச்சியும் எல்லை பார்ப்பதில்லை. 2016-ல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னை ஓலையில் சுருள் வெள்ளை ஈ தோன்றியது. இரு மாநிலத் தோப்புகளும் கறுத்துப் போயின. அதை அடக்கவும் ஐசேரியா என்ற பூசணத்தைப் பெங்களூர் விஞ்ஞானிகள் பரிந்துரைத்தார்கள்.

கொசுவுக்கும் உண்டா?

உண்டு, ஆனால் இன்னும் ஆராய்ச்சி நிலையில். 2005-ல் தான்சானியா நாட்டு வீடுகளில் பூசண வித்துப் பூசிய துணிகளைத் தொங்க விட்டுப் பார்த்தார்கள். அதில் உட்கார்ந்த கொசுக்கள் சீக்கிரம் மாண்டன. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் கொசு செத்துவிட்டால் போதுமே! பூசணம் மெதுவாகக் கொல்வது இங்கே குறையாகாது. 2019-ல் புர்கினா பாசோ நாட்டில், சிலந்தி விஷத்தின் மரபணுவைச் சேர்த்த மெட்டாரைசியத்தை வலைக் கூண்டுக்குள் சோதித்தபோது, 45 நாட்களில் கொசுக்கள் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. இப்படி மாற்றிய பூசணத்தைத் திறந்த வெளியில் விடலாமா என்பது வேறு கேள்வி.

2017-ல் கேரளத்தில் டெங்கு பரவியபோது தலைநகர் மாவட்டம்தான் அதிகம் அவதிப்பட்டது. அந்தக் கொசுவுக்குப் பூசணம் கைக்கு வரும்வரை, தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பதே முதல் மருந்து. ரப்பர் தோட்டத்துச் சிரட்டை, மொட்டை மாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு எதையும் விடக்கூடாது. இங்கும் அதே கதைதான்: அடுத்த வீட்டுச் சிரட்டையில் பிறந்த கொசு நம் வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது.

அவசரக்காரர்களுக்கு அல்ல

"காலையில் அடித்தால் மாலையில் சாக வேண்டாமா?" இதுதான் பூசண மருந்தைப் பற்றி விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி. சாகாது. நாட்கள் ஆகும், எருக்குழிப் புழுவுக்கு வாரமும் ஆகலாம். இது நோய், பரவ நேரம் வேண்டும்.

வாங்குவோர் சில விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர். காலாவதித் தேதி பார்த்து வாங்கி, நிழலில் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். வெயில் பட்டால் வித்து சாகும். ஆகவே சாயங்காலம் தெளிப்பது நல்லது. ஈரப்பதம் வேண்டும். போர்டோ கலவை போன்ற பூசணக்கொல்லி எதனோடும் கலக்கக் கூடாது. கலந்தால் நம் ஆளையே நாம் கொன்றதாகும். பட்டுப் புழு வளர்க்கும் ஊரில் பிவேரியா ஆகாது. தூளைக் கையாளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது உத்தமம். சிலருக்கு ஒவ்வாமை வரும்.

களியக்காவிளையில் இரு மாநிலத்துக்கும் எல்லை இருக்கிறது. லாரிகள் நிற்கின்றன, சீட்டுகள் சரிபார்க்கப்படுகின்றன. கொம்பன் செல்லி சீட்டு எதுவும் காட்டாமல் இரவில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பறந்து போய்க்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் மருந்து தேங்காய்த் தண்ணீரில் வளர்கிறது, விலை அதிகமில்லை. அடுத்த வீட்டு எருக்குழிக்கும் சேர்த்து ஒரு பை வாங்கிப் போகிறவர்தான் இனி வேண்டும்.