மஸ்கட் வெயிலுக்கு என்ன துணி?

ஜூன் மாத மஸ்கட்டில் வெயிலோடு கடல் ஈரமும் கைகோத்துக்கொள்ளும். பகலில் நாற்பது டிகிரியைத் தாண்டும். இரவிலும் புழுக்கம் இறங்காது. 2018 ஜூனில், ஓமன் தலைநகரான மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே கடலோரக் குரையாத்தில், ஒரு முழு நாளின் குறைந்தபட்ச வெப்பமே 42.6 டிகிரி!

இப்படிப்பட்ட மஸ்கட்டில்தான் தோளும் முழங்காலும் மறைய உடுத்தச் சொல்லி வணிக வளாக வாசல்களில் பலகை வைத்திருக்கிறார்கள். சுல்தான் கபூஸ் பெரிய மசூதியில் கெடுபிடி இன்னும் அதிகம். பெண்களுக்கு மணிக்கட்டு, கணுக்கால் வரை மூடிய உடையும் தலையில் துணியும். ஆண்களுக்கு முழு பேன்ட். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாள்களில் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி. பெண்கள் தலையிலேயே விதிகள் அதிகம் விழுகின்றன என்ற குறையில் நியாயம் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

முதல் முறை ஓமன் போகிறவர்கள் 'இவ்வளவு மூடினால் வெந்துவிட மாட்டோமா?' என்று முணுமுணுப்பது வழக்கம். ஓமானி ஆண்களைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். கணுக்கால் வரை தொளதொளவென்று தொங்கும், காலர் இல்லாத திஷ்தாஷா. உள்ளே இடுப்பில் சுற்றிய விஸார்; நம் வேட்டிக்கு உறவுக்காரன். தலையில் பூவேலைத் தொப்பியான கும்மா. அதிலுள்ள பொடித் துளைகள் அழகோடு காற்றையும் தரும். திஷ்தாஷாவின் கழுத்தோரம் தொங்கும் குஞ்சம் எதற்கு என்கிறீர்களா? அத்தர் தோய்க்க.

மீதிப் பதிலை அறிவியல் தருகிறது. பாலைவனத்து பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்கியது உண்மை. ஆனால் தோலை எட்டிய சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் ஓடிய காற்று மிச்சத்தை வெளியே கொண்டுபோய்விட்டது. ஆக, நிறத்தைவிடத் தொளதொளப்புக்குத்தான் மதிப்பு.

பெட்டி கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். விதிக்குப் பயந்து உடம்பை மூடுகிறார்கள், எந்தத் துணியால் என்று பார்ப்பதில்லை. காலை இறுக்கும் லெக்கிங்ஸ், வழுக்கும் பாலியெஸ்டர் குர்த்தி, நைலான் கலந்த துப்பட்டா. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலியெஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை தோலிலேயே தேங்கி, சாயங்காலம் முதுகெல்லாம் வியர்க்குரு. பழி மட்டும் மூடச் சொன்ன ஊருக்கு! மல் துணிச் சுடிதார், தொளதொளப்பான பருத்தி பலாசோ, மெல்லிய பருத்தித் துப்பட்டா இருந்தால் மசூதிக்கும் முத்ரா கடைவீதிக்கும் அதுவே போதும்.

விளையாட்டு உடைக்கான செயற்கை இழை சீக்கிரம் காயுமே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வாதி ஷாப் பள்ளத்தாக்கில் நீந்தப் போகிறவர்களுக்கு அது சரி. நனைந்த பருத்தி கனத்துத் தொங்கும். அங்கும் நீச்சல் உடைக்கு மேல் டி-ஷர்ட்டும் முழங்கால் மறைக்கும் கால்சட்டையும் போட்டுக்கொள்வதுதான் மரியாதை.

கடைவீதியில் இன்னொரு எச்சரிக்கை. வளைகுடாவில் விற்கும் கறுப்பு அபாயாக்களில் கணிசமானவை பாலியெஸ்டர். வெள்ளை அங்கிக்கும் ஜப்பானிலிருந்து செயற்கை இழைத் துணி வருகிறது. சுருங்காது, பளிச்சென்று நிற்கும். ஏசி காரிலிருந்து ஏசி அலுவலகத்துக்குப் போகிற உள்ளூர்க்காரருக்கு அது ஒத்துவரலாம். கோட்டை கோட்டையாக ஏறி இறங்கும் பயணி, ஆசைக்கு ஒன்று வாங்குமுன் துணியைக் கசக்கிப் பார்க்கட்டும். கசங்கினால் வாங்கலாம்.